சமன் குஞ்சுகளை விட்ட இடம்

பள்ளிக்கூடத்திலிருந்து ஓர் ஆற்றங்கரைக்குப் பயணம் போகிறோம், துணைக்குச் சில பெரியவர்கள் வேண்டும் என்று ஆசிரியை கேட்டிருந்தார். எங்கள் வீட்டில் வேலைக்குப் போகாமல் இருந்த ஒரே பெரியவர் சித்தப்பா. அப்பா பகலும் இரவும் ஓர் உணவகத்தின் குசினியில் நின்றார். அம்மா விடிவதற்கு முன்பே அலுவலகங்கள் துடைக்கப் புறப்பட்டுவிடுவார். சித்தப்பாவுக்கு விசா இன்னும் சரிவரவில்லை. அதனால் வணக்கத்துக்குப் 'போன்ஜூர்', நன்றிக்கு 'மெர்சி' என்ற இரண்டு சொற்களோடு பிரெஞ்சு மொழியை முடித்துக்கொண்ட ஒரு மனிதர், பரிஸ் நகரத்துப் பிள்ளைகளைக் கட்டி மேய்க்கும் பொறுப்புக்குத் தெரிவானார்.

"தம்பியைப் பாக்கிறதுக்கே ஒரு ஆள் வேணும்" என்றார் அம்மா. சித்தப்பாவை அவர் தம்பி என்றுதான் சொல்வார்.

"நான் பாப்பன்" என்றேன். எனக்கு அப்போது ஒன்பது வயது.

லா சப்பலில், ரூ பிலிப்-து-ஜிரார் என்ற தெருவில், ஒரு பலசரக்குக் கடைக்கு மேலே எங்கள் வீடு. யுத்தம் முடிந்த அடுத்த வருடம் சித்தப்பா வன்னியிலிருந்து தனியே வந்து சேர்ந்தார். அங்கே கடற்கரையில் சொந்தப் படகு வைத்துத் தொழில் செய்தவர். சித்தி யாழ்ப்பாணத்தில் தன் பெற்றோரோடு இருந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் இருவரும் தொலைபேசியில் மழை பெய்ததா, சாப்பிட்டாயிற்றா என்று பேசிவிட்டு வைத்துவிடுவார்கள். அவர்களுக்கு என்னைவிடச் சற்று இளைய மகள் ஒருத்தி இருந்தாள். எனக்குத் தங்கை முறை. படத்தில் மட்டும் பார்த்திருக்கிறேன். அவள் சண்டையில் செத்துப்போனாள் என்பது எனக்குத் தெரியும். அதற்குமேல் சித்தப்பாவிடம் ஒன்றும் கேட்கக்கூடாது என்பது வீட்டுச் சட்டம். நானும் கேட்கவில்லை. அந்த வயதில் கேட்பதற்கு எனக்கு வேறு ஆயிரம் விஷயங்கள் இருந்தன.

சித்தப்பாவிடம் ஒரு விசித்திரம் இருந்தது. எதையும் அவராக முடிவெடுக்க மாட்டார். காலையில் பேக்கரியில் பாண் வாங்கப் போனால் கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் அப்படியே நிற்பார். பின்னால் வரிசையில் நிற்பவர்கள் மூச்சு விடும் சத்தம் கேட்கும். அவர் குனிந்து என் காதுக்குள், "எதை எடுக்க, பிள்ளை? நீ சொல்லு" என்பார். எந்தச் சட்டையைப் போடுவது, எந்தப் பக்கத்தால் நடப்பது, தேத்தண்ணியா கோப்பியா, எல்லாவற்றுக்கும் அதே கேள்விதான். அம்மாவுக்குச் சில வேளை எரிச்சல் வரும். "சின்னப் பிள்ளையிட்டையே எல்லாம் கேக்கிறது?" என்பார். எனக்கோ தலைகால் புரியாத பெருமை. கடலில் படகோட்டிய மனிதர் என்னைக் கேட்டுத்தான் தேத்தண்ணி குடிக்கிறார் என்றால் சும்மாவா!

அந்தக் குளிர்காலம் முழுவதும் வகுப்பில் ஒரு மீனைப் பற்றித்தான் படித்துக்கொண்டிருந்தோம். பிரெஞ்சில் அதற்குப் பெயர் சொமோன், ஆங்கிலத்தில் சால்மன். வீட்டில் வந்து சொன்னபோது சித்தப்பா யோசித்துவிட்டு, "சமனோ? ரின்னுக்கை வாறதோ?" என்றார். அவர்களுடைய ஊரில் அந்த மீன் தகரப் பேணிக்குள் பிறந்து பேணிக்குள்ளேயே வளர்வது. நான் விடவில்லை. வடக்கே குளிர்ந்த ஆறுகளில் அது பிறக்கும், விரல் நீளம் வளர்ந்ததும் உடம்பு வெள்ளியாக மாறிக் கடலுக்குப் போகும், சில வருடங்களில் பெரிய மீனாகித் தான் பிறந்த ஆற்றையே தேடித் திரும்பி வரும் என்று விளக்கினேன்.

"திரும்பி வருமோ? அதே ஆத்துக்கோ?"

"ஓம், சித்தப்பா."

"எல்லாம் வருமோ?"

"ஓம். எங்கடை மெத்ரெஸ்தான் சொன்னவ."

ஆசிரியை அப்படிச் சொல்லவில்லை. எத்தனை திரும்பும் என்று அவர் சொன்னபோது நான் பக்கத்தில் இருந்தவளோடு கதைத்துக்கொண்டிருந்திருக்க வேண்டும்.

நாங்கள் போகவிருந்த ஆற்றில் சமன் ஏறக்குறைய அற்றுப்போய்விட்டதாம். பண்ணையில் குஞ்சு வளர்த்து, வசந்த காலத்தில் கொண்டுபோய் ஆற்றில் விடுவார்களாம். இந்த முறை எங்கள் வகுப்பு விடப்போகிறது, ஆளுக்கு ஒரு வாளி. நான் இரண்டு இரவுகள் ஒழுங்காகத் தூங்கவில்லை.

பேருந்து நோர்மண்டிப் பக்கம் போனது. மழைத் தூறல். சித்தப்பா அப்பாவின் கோட்டைப் போட்டுக்கொண்டு கடைசி இருக்கையில் இருந்தார். அம்மா ஒரு பை நிறைய ரோல்ஸ் சுட்டுக் கொடுத்திருந்தார். உள்ளே ரின் சமன். சமனைக் காப்பாற்றப் போன பிள்ளைகள் ஆளுக்கு ஒரு சமன் ரோல் தின்று விரலையும் சூப்பினார்கள். சித்தப்பா ஒவ்வொருவருக்கும் 'மெர்சி' சொல்லிச் சொல்லிக் கொடுத்தார். கொடுப்பவர் சொல்லத் தேவையில்லை என்று நான் திருத்தியும் அவர் விடவில்லை. அன்றைய நாளில் எல்லாரும் சேர்ந்து சிரித்த நேரம் அது ஒன்றுதான்.

ஆற்றுக்குக் குறுக்கே ஒரு சிறிய அணை இருந்தது. அதற்குக் கீழே தண்ணீர் வேகம் குறைந்து, ஆழமாக, கறுப்பாகக் கிடந்தது. இரண்டு கரையிலும் நாணல். மார்புவரை ரப்பர் உடுப்புப் போட்ட பண்ணைக்காரர் ஒருவர் லொறியிலிருந்து வாளி வாளியாகக் குஞ்சுகளை இறக்கினார். என் வாளிக்குள் எட்டிப் பார்த்தேன். விரல் நீளத்தில், புதுக் கரண்டிபோல மினுங்கிக்கொண்டு, எல்லாம் ஒரே பக்கம் தலை வைத்து நின்றன.

கரையில் ஒரு பலகை நட்டிருந்தார்கள். தூண்டில் ஒன்றை வரைந்து அதற்குக் குறுக்கே சிவப்புக் கோடு, கீழே பிரெஞ்சில் எழுத்து.

"உதிலை என்ன எழுதிக் கிடக்கு?" என்று கேட்டார் சித்தப்பா.

சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் நான் மொழிபெயர்ப்பில் கெட்டிக்காரி. அதிலும் இதற்கான தமிழ்ச் சொல் எனக்கு நன்றாகத் தெரிந்த சொல். 2009இல் அப்பா என்னைத் தோளில் வைத்துக்கொண்டு ஊர்வலங்களுக்குப் போன நாட்களில், வீட்டு வானொலியிலும் தெருவிலும் ஓயாமல் கேட்டது. பாதுகாப்பு என்ற நல்ல சொல் உள்ளே இருந்ததால் நல்ல இடத்துக்குத்தான் அப்படிப் பெயர் வைப்பார்கள் என்று நினைத்திருந்தேன்.

"இது பாதுகாப்பு வலயம், சித்தப்பா" என்றேன்.

"என்னெண்டு சொன்னனி?"

"பாதுகாப்பு வலயம். இதுக்கை ஒருத்தரும் மீன் பிடிக்கேலாது. அதுதான் இதுக்கை விடுகினம்."

அவர் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு கரை விளிம்புக்குப் போய்க் கையை நெற்றியில் வைத்துத் தண்ணீரைப் பார்த்தார். நானும் பார்த்தேன். முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு நாணல் வேர்களுக்கிடையில் ஊறிப்போன கட்டைகள் கிடப்பது தெரிந்தது. ஒன்று, பக்கத்தில் இன்னொன்று, அங்காலும் சில. அந்தக் கட்டைகளுக்குக் கண் இருந்தது.

"சீலா" என்றார் சித்தப்பா மெதுவாக. சீலா என்பது அவர்களுடைய கடலில் ஓடும் நீள வாய் மீன், பல் நிறைந்தது. ஆற்றில் கிடந்தது அதன் சாயலில் இருக்கும் வேறொரு மீன். பிரெஞ்சில் ப்ரோஷே என்பார்கள். குஞ்சுகள் கடலுக்கு இறங்கும் காலம் அதற்குத் தெரியும். அணைக்குக் கீழே வந்து காத்துக் கிடக்கும். அந்த இடத்தில் தடை தூண்டிலுக்குத்தான், ப்ரோஷேக்கு இல்லை.

அதற்குள் முதல் வரிசைப் பிள்ளைகள் வாளிகளைக் கவிழ்த்துவிட்டார்கள். ஒரு கணம் தண்ணீர் வெள்ளியாக மின்னியது. பிறகு கட்டைகள் அசைந்தன. தண்ணீர் படார் படார் என்று வெடித்தது. குஞ்சுகள் மேலே தெறித்து விழுந்தன.

பிள்ளைகள் கைதட்டினார்கள். மீன்கள் சந்தோஷத்தில் துள்ளுகின்றன என்று நினைத்தார்கள்.

"விடாதேங்கோ!" என்று சித்தப்பா கத்தினார். "பிள்ளையள், விடாதேங்கோ! உதுக்கை விடாதேங்கோ!"

அங்கே நின்றவர்களில் அது விளங்கியது எனக்கு மட்டும்தான். ஆசிரியை ஓடிவந்து என்ன சொல்கிறார் என்று என்னைக் கேட்டார். மீன்களை விடவேண்டாமாம், தண்ணீருக்குள் ப்ரோஷே நிற்கிறதாம் என்றேன். பண்ணைக்காரர் கோபிக்கவில்லை. நல்ல மனிதர். என் உயரத்துக்குக் குனிந்து, ஒவ்வொரு வருடமும் அவை வந்து நிற்கும், அது தங்களுக்குத் தெரியும் என்றார். ஒரே நேரத்தில் நிறைய விட்டால் அவற்றால் எல்லாவற்றையும் தின்ன முடியாது, சில தப்பிப் போய்விடும், வேறு வழியில்லை, இதை உன் அப்பாவிடம் சொல் என்றார், சித்தப்பாவைக் காட்டி.

நான் சொன்னேன். "அவைக்குத் தெரியுமாம், சித்தப்பா. அதுகள் எல்லாத்தையும் தின்னாதாம். கொஞ்சம் தப்புமாம். அதுக்குத்தானாம் நிறைய விடுறது."

"தெரியுமாமோ?" என்றார் அவர். "தெரிஞ்சுகொண்டோ விடுகினம்?"

அதற்கு என்ன பதில் என்று பண்ணைக்காரரிடம் கேட்க எனக்குத் தோன்றவில்லை. சித்தப்பா என் கையிலிருந்த வாளியைப் பிடுங்கிக்கொண்டு கரையோரமாக நடக்கத் தொடங்கினார். என் வாளி போகிறதே என்று அழுதபடி நான் பின்னால் ஓடினேன். ஓர் இடத்தில் நின்று குனிந்து பார்ப்பார். நாணல் இருக்கும். எழும்பி நடப்பார். இன்னோர் இடத்தில் மர நிழல் தண்ணீரில் விழுந்திருக்கும். அதற்குக் கீழே என்ன இருக்கிறதென்று தெரியாது. மறுபடி நடப்பார். வாளிக்குள் குஞ்சுகள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. ஒன்று வயிறு மேலே தெரியப் புரண்டது. பிறகு இன்னொன்று.

"செத்துப்போகுதுகள், சித்தப்பா! விடுங்கோ!"

அவர் நின்றார். வாளியைப் பார்த்தார், ஆற்றைப் பார்த்தார். வாளி விளிம்பால் தண்ணீர் தளம்பியது.

"எங்கை விட?" என்றார். "பிள்ளை, நீ சொல்லு. எங்கை?"

பாண் கடையில் கேட்கும் அதே கேள்விதான். ஆனால் அந்தக் குரலை நான் அதற்கு முன் கேட்டதில்லை. எனக்குப் பயம் வந்தது. கையை நீட்டி ஏதோ ஓர் இடத்தைக் காட்டினேன். கல்லுக்கு மேலால் தண்ணீர் ஓடுகிற ஓர் இடம், அவ்வளவுதான். நான் நீட்டி முடிப்பதற்குள் அவர் முழந்தாளிட்டு வாளியைச் சரித்தார். புரண்டவை மிதந்து போயின. மற்றவை ஒரு கணம் திகைத்து நின்றுவிட்டுக் காணாமல் போயின.

அதன் பிறகு அவர் சப்பாத்தோடு ஆற்றுக்குள் இறங்கினார். இரண்டு கைகளாலும் தண்ணீரை அடிக்கத் தொடங்கினார். கடலில் மீனை வலைக்குள் கலைப்பதற்கு அப்படி அடிப்பார்களாம். அவரிடம் வலை இல்லை. அந்தக் குஞ்சுகள் போய்ச் சேருமட்டும் பக்கத்தில் எதுவும் வரக்கூடாது என்று அடித்தார் போலிருக்கிறது. கரையில் பிள்ளைகள் சிரித்தார்கள். ஆசிரியை அவர்களை அடக்கினார். பேருந்து ஹோர்ன் அடிக்கும்வரை அவர் நிறுத்தவில்லை.

மாலையில் அம்மா ஈரக் கோட்டைப் பார்த்துவிட்டு என்ன நடந்தது என்று கேட்டார். பலகையில் தொடங்கி எல்லாவற்றையும் சொன்னேன். அந்தச் சொல்லைச் சொன்னதும் அம்மாவின் கை அப்படியே நின்றது. "அதை இனி இந்த வீட்டிலை சொல்லாதை" என்றார். என் மொழிபெயர்ப்பில் பிழை இருக்கிறது என்று விளங்கிக்கொண்டேன். சனிக்கிழமை தமிழ் வகுப்பில் போய், பாதுகாப்பு வலயம் என்பது பிழையான சொல்லா என்று கேட்டேன். தமிழ் ஆசிரியர் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டார். அங்கே பார்த்தபடியே, "சொல்லிலை பிழையில்லைப் பிள்ளை" என்றார்.

நான் வளர்ந்து வேலைக்குப் போகத் தொடங்கிய பிறகுதான் அம்மா மிச்சத்தைச் சொன்னார். "அந்த வலயத்துக்கை போனால் பாதுகாப்பு எண்டு ஆமிக்காரர் அறிவிச்சவங்கள். பதுங்குகுழியிலை இருக்கிறதோ, போறதோ எண்டு எல்லாரும் தம்பியைத்தான் கேட்டது. தம்பிதான் போவம் எண்டவர். சின்னவ வரமாட்டன் எண்டு அழுதவவாம். தூக்கிக்கொண்டு போனவர். அங்கைதான் செல் விழுந்தது."

ஆற்றுக்குப் போய்வந்த மறுநாட் காலையும் நாங்கள் பாண் வாங்கப் போனோம். அவருடைய சப்பாத்து இன்னும் காயவில்லை, நடக்கும்போது சத்தம் போட்டது. கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் வழக்கம்போல நின்றார். வழக்கம்போலக் குனிந்து, "எதை எடுக்க, பிள்ளை? நீ சொல்லு" என்றார். எனக்கு எது வேண்டும் என்பது வீட்டிலேயே தெரியும். ஆனாலும் யோசிப்பதுபோலக் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொண்டேன். இவ்வளவு பெரிய மனிதர் என்னைக் கேட்டுத்தான் எதையும் செய்கிறார் என்பதை வரிசையில் நிற்பவர்களும் பார்க்கட்டும் என்று.