சங்கரன்கோவிலுக்கு வடம் பிடித்து வந்த வீடு

காலை ஏழு மணிக்கு மதுரையிலிருந்து புறப்பட்டோம் என்று எழுதத்தான் ஆசை. ஆனால் அக்கா வண்டிக்குள்ளேயே அடுப்பு பற்றவைத்துக் காபி போட, அதைப் பார்க்க எங்கள் தெருவே வரிசையில் நின்றது. ஆளுக்கு ஒரு வாய் கொடுத்து முடித்துக் கிளம்பும்போது மணி எட்டரை.

வண்டி என்றதும் காரையோ பஸ்ஸையோ நினைத்துக்கொள்ள வேண்டாம். அது சக்கரம் வைத்த வீடு. மடித்தால் மேஜை, விரித்தால் கட்டில், இரண்டு அடுப்பு, ஒரு தண்ணீர்த் தொட்டி, ஜன்னலுக்குப் பூப்போட்ட திரை. என் அக்கா செல்வி லண்டனில் நர்ஸ். அத்தான் கோமதிநாயகத்துக்கு அங்கே தபால் ஆபீசில் வேலை. ஆறு வருஷத்துக்குப் பிறகு ஊருக்கு வருகிறவர்கள் எல்லாரையும் போல விமானத்தில் வந்து இறங்கக் கூடாதா? துருக்கி, ஈரான், ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான் என்று இந்த வீட்டை ஓட்டிக்கொண்டே வந்துவிட்டார்கள், இரண்டரை வயதுக் குழந்தை மீனாவோடு. நடந்தது 1977, பொங்கல் முடிந்த வாரம். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் லீவு சொல்லிவிட்டு நானும் ஏறிக்கொண்டேன்.

போக வேண்டிய இடம் சங்கரன்கோவில், அத்தானின் சொந்த ஊர். மதுரையிலிருந்து ஏறக்குறைய நூற்றிருபது கிலோமீட்டர். "உங்கள் வீட்டு வாசலில் என் வீட்டைக் கொண்டுவந்து நிறுத்துகிறேன்" என்று அத்தான் தன் அப்பாவுக்கு எழுதியிருந்தார். அப்பாவும் சும்மா இருக்கவில்லை. அதை ஊர் முழுக்கச் சொல்லிவிட்டார்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா வாங்க நின்றோம். கடைக்காரர் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்து, "வாடகைக்கு விடுவீங்களா? தண்ணி வசதி இருக்கா?" என்று கேட்டார். அத்தானுக்குத் தலைகால் புரியவில்லை. மேற்கே மலை கூடவே வந்தது. ராஜபாளையம் தாண்டியதும் கரிசல் காடு, வெடித்த பருத்தி, களத்தில் சிவப்பாகக் காயும் மிளகாய் வற்றல். மீனா பால்கோவாவைக் கன்னமெல்லாம் அப்பிக்கொண்டு தூங்கிப்போனாள். உலகத்தில் எனக்கு வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

கரிவலம்வந்தநல்லூர் தாண்டி, சங்கரன்கோவிலுக்கு இரண்டு மைல் இருக்கும்போது ரோட்டின் நடுவில் ஒருவர் நின்று துண்டை வீசிக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஒரு மாட்டு வண்டி.

"நிறுத்துலே! நிறுத்து!"

அத்தானின் அப்பாதான். ஆறு வருஷம் கழித்துப் பார்க்கும் மகனை "வா" என்றுகூட அவர் சொல்லவில்லை. "தந்தி வந்திருக்கு. ஒன் வண்டில ஸ்டியரிங் சரியில்லயாம். கம்பெனிக்காரன் வித்த வண்டி எல்லாத்தையும் திருப்பிக் கேக்கான். போஸ்ட் மாஸ்டரு ரெண்டு தடவ வாசிச்சுச் சொன்னாரு" என்றார். அக்காவோடு வேலை பார்க்கும் நர்ஸ் ஒருத்தி அடித்த தந்தி. ஸ்டியரிங்கைப் பிடித்திருக்கும் போல்ட்டு ஒடிகிறதாம். ஓட்ட வேண்டாம், பக்கத்தில் உள்ள கம்பெனிப் பட்டறையில் விடவும் என்றிருந்தது. பக்கத்துப் பட்டறை தெஹ்ரானில் இருப்பதாக அத்தான் சொன்னார்.

"ஏழாயிரம் மைல் வந்தாச்சுப்பா. ரெண்டு மைல்ல என்ன ஆயிரப்போகுது?"

ஓடி வந்து தடுத்த மனிதர் உடனே கட்சி மாறிவிட்டார். "அதானல! மெதுவா உருட்டிட்டு வா. அங்கன பந்தல் போட்டிருக்கு, மேளம் நிக்கி. இந்த வண்டி நுழையணும்னு நேத்துதான் வாசல் தூண இடிச்சேன். வண்டி வரலன்னா நாளைக்கு நான் தெருவுல எப்படி நடக்கது?"

அப்பாவும் மகனும் எதிலும் ஒத்துப்போனதில்லை என்று அக்கா சொல்லிக் கேட்டிருக்கிறேன். அன்றைக்கு ஒத்துப்போனார்கள். அக்கா கையை நீட்டிச் சாவியை உருவினாள். முந்தானையில் முடிந்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"யம்மா செல்வி, என் மானத்த வாங்காத."

"மாமா, நான் விபத்து வார்டுல நாலு வருஷம் நின்னவ. கொஞ்ச தூரந்தானேன்னு கெளம்புனவங்களத்தான் நெறையப் பாத்திருக்கேன். உள்ள ஒங்க பேத்தி தூங்குறா. வண்டி வரட்டும், வேணாங்கல. ஓட்டிக்கிட்டு வரக் கூடாது."

மாமாவோடு வந்திருந்த சங்கரபாண்டியன் அண்ணாச்சிதான் தொண்டையைச் செருமினார். பருத்திக் கமிஷன் கடை வைத்திருப்பவர். ஊர்க் கோயில் ஆடித் தபசுத் தேரோட்டத்தில் தேரை நிறுத்தவும் திருப்பவும் சக்கரத்துக்குக் கட்டை போடுகிறவரும் அவர்தான்.

"ஓட்டத்தான கூடாது? இழுக்கக் கூடாதுன்னு தந்தில போட்டிருக்கா?"

தந்தியை மறுபடி விரித்துப் பார்த்தோம். அப்படி எதுவும் இல்லை.

பகல் ஒரு மணி வாக்கில் லாரி ஷெட்டிலிருந்து வடம் போலத் தடித்த கயிறு வந்தது. பந்தலில் காத்திருந்த கூட்டமும் மேளமும் ரோட்டுக்கே வந்துவிட்டன. மீனாவைத் தூக்கிக்கொண்டு அக்கா இறங்கி நடந்தாள். எஞ்சினைத் தொடமாட்டேன் என்று அத்தான் குழந்தை தலையில் அடித்துச் சத்தியம் செய்த பிறகுதான் ஸ்டியரிங் பூட்டைத் திறக்கச் சாவி கொடுத்தாள். முன்சக்கரத்தை ஒட்டிக் கட்டையோடு அண்ணாச்சி. "என் சத்தந்தான் பிரேக்கு, கேட்டுக்கிடுங்க! இழுங்கவே!" என்றார். ஐம்பது பேர் இழுக்க, வீடு நகர்ந்தது.

வழியில் யாரோ தேங்காய் உடைத்தார்கள். ஓர் அம்மா ஓடி வந்து சூடம் காட்டிவிட்டு, "உள்ள என்ன சாமி?" என்று என்னிடம் கேட்டாள். நான் பின்னால் நடந்து வந்த அக்காவைக் காட்டினேன். அந்த அம்மா அக்காவுக்கும் ஒரு கும்பிடு போட்டுவிட்டுத்தான் போனாள். நடந்து சிரித்து எனக்கு மூச்சு வாங்கியது.

கண்மாய்க் கரைத் திருப்பத்தில் ரோடு கொஞ்சம் இறக்கம். கயிறு தொய்ந்து வண்டி தானாக உருண்டது. உள்ளே 'டக்' என்று ஒரு சத்தம். பார்த்தால் அத்தான் கையில் ஸ்டியரிங் ராட்டினமாகச் சுற்றுகிறது; சக்கரமோ திரும்பவில்லை. எஞ்சின் ஓடாததால் பிரேக்கும் சரியாகப் பிடிக்கவில்லை. வண்டி நேரே கண்மாயைப் பார்த்துப் போனது.

"வெலகுங்கவே!" அண்ணாச்சி கட்டையை எறிந்தார். அதை ஏறித் தாண்டப் பார்த்த சக்கரத்துக்கு இன்னொன்றைக் கொடுத்தார். வண்டி ஒரு குலுங்கு குலுங்கி நின்றது. அதற்கப்புறம் ரோடு இல்லை, சரிவும் தண்ணீரும்தான். அத்தான் இறங்கி ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டார்.

வண்டிக்கு அடியில் போல்ட்டு இரண்டு துண்டாகக் கிடந்தது. மாமா குனிந்து பொறுக்கினார். அதை வைத்துக்கொண்டு அக்கா முன்னால் வந்து நின்றார்.

"யம்மா, நான் உருட்டிட்டு வரச் சொன்னேன்லா" என்றார். மீனாவின் பாதத்தைப் பிடித்துக்கொண்டு அழுதார். அக்காவும் அழுதாள். நான் மட்டும் என்ன கல்லா, நானும் அழுதேன். மேளக்காரர்தான் என்ன நினைத்தாரோ, வாசிக்கத் தொடங்கிவிட்டார். அழுகை சிரிப்பாகிவிட்டது. மாமா துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு கயிற்றில் முதல் ஆளாகப் போய் நின்றார்.

மீதித் தூரம் முழுக்க முன்சக்கரத்தைக் கடப்பாரையால் நெம்பித் திருப்பித் திருப்பித்தான் வந்தோம். நாலு மணிக்கு வீடு வாசலில் வந்து நின்றது. சோறு ஆறிப்போயிருந்தது. அப்படி ஒரு ருசியை நான் அதற்கு முன்னும் பின்னும் கண்டதில்லை.

மறுநாள் காலை கோயிலுக்குப் போனோம். விஷ ஜந்துக்களுக்குப் பயந்தவர்கள் தகட்டில் செய்த பாம்பும் தேளும் வாங்கி உண்டியலில் போடுவது அங்கே வழக்கம். அத்தான் பிரசாதமாகத் தரும் புற்றுமண் வாங்க வரிசையில் நின்றார். மாமா மடியிலிருந்து போல்ட்டுத் துண்டு இரண்டையும் எடுத்து உண்டியலில் போட்டதை நான் பார்த்தேன். நான் பார்த்ததை அவரும் பார்த்துவிட்டார்.

"அவங்கவங்க எதுக்குப் பயந்தாங்களோ அதப் போடுதாங்க. நான் பயந்தது இதுக்குத்தான்" என்றார்.

லீவு முடிந்து மதுரை பஸ் ஏறினேன். டிரைவருக்குப் பின்சீட்டில் இடம். "என்னம்மா, ஸ்டியரிங்கையே பாத்துக்கிட்டு வாரீங்க? பஸ்ஸு வாங்கப் போறீங்களா?" என்று டிரைவர் கேட்டார். சிரித்துக்கொண்டே ஜன்னல் பக்கம் திரும்பினேன். மதுரையில் என் வாடகை அறைக்குச் சக்கரம் இல்லை என்பது ஏனோ அன்றைக்குக் குறையாகப்பட்டது.

சில வாரம் கழித்து அக்கா எழுதியிருந்தாள். கம்பெனி புது போல்ட்டை இலவசமாக அனுப்புகிறதாம். கப்பலில் வரச் சில மாதம் ஆகுமாம். அதுவரை மாமா அவர்களை விடப்போவதில்லை. ஒடிந்ததைப் பரிசோதனைக்கு உடனே திருப்பி அனுப்பச் சொல்லியும் கம்பெனி எழுதியிருக்கிறது. அத்தான் அப்பாவிடம் கேட்க, "உண்டியல்ல போட்டதத் திருப்பிக் கேக்க நீ யாருலே, கம்பெனிக்காரன் யாரு?" என்று கேட்டாராம்.

அத்தான் யோசித்துப் பதில் எழுதினார்: "ஒடிந்த பாகம், இனி யாருக்கும் தீங்கு நேராதபடி, இவ்வூரில் உரிய இடத்தில் ஒப்படைக்கப்பட்டுவிட்டது."

ஒத்துழைப்புக்கு நன்றி தெரிவித்துக் கம்பெனி பதில் போட்டிருந்தது.