தவக்காலத்துக் கிம்ச்சி

இத்தாலியில், பலெர்மோவின் லிபெர்த்தா தெருவில் அம்மா வேலை செய்த வீட்டின் குளியல்தொட்டிக்குள் பன்னிரண்டு முட்டைக்கோவா கிடந்தன. பாதியாகப் பிளந்து, உப்புத் தண்ணீரில் ஊறி, வாடிப்போயிருந்தன. எனக்கு அப்போது ஒன்பது வயது. ஆட்கள் குளிக்கிற தொட்டியில் சாப்பாட்டுச் சாமானா என்று வாயைப் பிளந்தபடி நின்றேன். தொட்டியைத் தன் கையாலேயே தேய்த்துக் கழுவியிருந்ததால் அம்மா அலட்டிக்கொள்ளவில்லை.

வீட்டுக்காரி கொரியாக்காரி. புருஷன் பலெர்மோவுக்கு ஓப்பரா பாட்டுப் படிக்க வந்தவர். அம்மா அவரைச் சிஞ்ஞோரா, அதாவது மேடம், என்றுதான் கூப்பிடுவார். இருவரும் ஓட்டை இத்தாலியனில் கதைத்துக்கொள்வார்கள். மிச்சத்தைக் கைகள் சொல்லும். பள்ளிக்கூடம் இல்லாத நாட்களில், விட்டுவர ஆளில்லாததால், நானும் அம்மாவோடு போவேன்.

அது ஈஸ்டருக்கு முந்திய தவக்காலம். கொழும்பில் விசாவுக்குக் காத்திருந்த அப்பா எங்களிடம் வந்து சேர வேண்டுமென்று அம்மா நேர்த்தி வைத்திருந்தார். நாற்பது நாளும் மீனோ இறைச்சியோ வாயில் வைப்பதில்லை. நானும் கூட்டு. கபோ சந்தையில் மீன்கடைகளைத் தாண்டும்போது மூக்கைப் பொத்திக்கொள்வேன். மணத்துக்கே விரதம் முறிந்துவிடுமோ என்று பயம். நாலு வயதுக்குப் பிறகு நான் அப்பாவைக் கண்டதில்லை. ஒரு துண்டு மீன் அவரை அங்கேயே நிறுத்திவிடும் என்று முழுமனதோடு நம்பினேன்.

அன்று கிம்ச்சி என்கிற கொரியா ஊறுகாய் போட, குசினித் தரையில் பேப்பர் விரித்து அம்மாவும் சிஞ்ஞோராவும் உட்கார்ந்தார்கள். கொரியாவிலிருந்து பார்சலில் வந்த மிளகாய்த்தூள், உள்ளி, இஞ்சி, சீவிய முள்ளங்கி எல்லாம் ஒரு பெரிய பேசினுக்குள் விழுந்தன. சிஞ்ஞோரா ரப்பர் கையுறையை நீட்டினார். “மிளகாய்த்தூளுக்குக் கையுறையோ? ஊரிலை கண்டால் சிரிப்பினம்,” என்று எனக்கு மட்டும் தமிழில் சொல்லிவிட்டு, அம்மா வெறுங்கையை முழங்கை வரை இறக்கினார். பிறகுதான் சிஞ்ஞோரா ஒரு கிண்ணம் நிறைய உப்பிட்ட நெத்தலியைக் கொத்தி அதற்குள் கொட்டினார்.

“அம்மா, மீன்.”

“ஓம், கண்டனான். குழைக்கிறதுதான் நான். தின்னுறது அவை.”

எனக்கு மூச்சு வந்தது. ஒவ்வொரு இலையாக விரித்து, இடையில் சிவப்புக் கலவையைப் பூசி, சாடிகளில் அடுக்கினார்கள். கடைசியில் சிஞ்ஞோரா ஓர் இளம் இலையைக் கிழித்து, கலவையை உள்ளே வைத்துச் சுருட்டி, அம்மாவின் வாய்க்கு நேரே கொண்டுபோனார். கூட இருந்து செய்தவருக்குக் கையால் ஊட்டிவிடுவது அவர்கள் வழக்கமாம். “மாஞ்ஜா,” என்றார். சாப்பிடு என்று அர்த்தம்.

வேண்டாமென்று அம்மா தலையாட்டுவார் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். நற்கருணைக்குத் திறப்பதுபோல அம்மா கண்ணை மூடி வாயைத் திறந்தார். மென்றார். விழுங்கினார். சிஞ்ஞோரா எனக்கும் ஒன்று சுருட்டி நீட்ட, அந்தக் கையைத் தட்டிவிட்டேன். இலை சுவரில் பட்டு விழுந்தது. அடி விழுமென்று நின்றேன். அம்மா சுவரைத் துடைத்தார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் சொன்னேன்: “இனி அப்பா வரமாட்டார். நீங்கள் திண்டதாலைதான்.”

“ஓம். நான் திண்டிருக்கக் கூடாது,” என்றார் அம்மா.

அப்பா அந்த வருஷம் வரவில்லை. அந்த ஒரு வாய்தான் காரணமென்று அம்மாவோடு எத்தனை நாள் முகம் கொடுத்துக் கதைக்காமல் இருந்திருப்பேன். நாலு வருஷம் கழித்து வந்து சேர்ந்த அப்பா ஒருநாள் பேச்சோடு பேச்சாகச் சொன்னார், விசா கிடைக்கவில்லையென்று அந்தத் தவக்காலத் தொடக்கத்திலேயே அம்மாவுக்குப் போன் எடுத்துச் சொல்லிவிட்டாராம். அம்மா அதை எனக்கு மறைத்து, எனக்காகவே விரதத்தையும் தொடர்ந்திருக்கிறார். அம்மா சொல்லி விஷயம் தெரிந்த ஒரே ஆள் அந்தச் சிஞ்ஞோராவாம். விசா இல்லை என்று பதில் வந்தபிறகும் விரதம் இருந்த ஒருத்திக்குத்தான் அவர் ஊட்டியிருக்கிறார்.

நான் கடவுளோடு கோபித்துக்கொண்டு விடக்கூடாதென்று, தன்னோடு கோபித்துக்கொள்ள விட்டார் அம்மா. பஸ்ஸில் பக்கத்தில் இருந்த எனக்கு அது விளங்கவில்லை.