ஃப்ரிட்ஜில் ஒட்டிய மல்லாட்டை

போன மாதம் திண்டிவனத்தில் சலீம் பாய் கடைக்குப் போயிருந்தேன். கோட்டக்குப்பத்துக்காரர். வளைகுடாவில் கிஃப்ட் ஷாப்பில் வேலை பார்த்தது போதும், இனி பெண்டாட்டி பிள்ளைகளோடுதான் என்று திரும்பி வந்தவர்.

வந்தவர் சும்மா இருந்திருக்கலாம். அங்கே டூரிஸ்ட்டுகள் குட்டிக் குட்டிக் கட்டடங்களை அள்ளிக்கொண்டு போவதைப் பார்த்த கண்... நம் ஊர்ப் பெருமைகளையும் ஃப்ரிட்ஜ் மேக்னட்டாகச் செய்து விற்கலாம் என்று கிளம்பிவிட்டார். செஞ்சிக் கோட்டை, விழுப்புரம் ஜங்ஷன், மரமே கல்லாகிப்போன திருவக்கரை கல்மரம். சேமிப்பு முழுக்க அதில்தான்.

பாவம், நம்மைப் பற்றி அவருக்குத் தெரியவில்லை.

நாம் யார்? செஞ்சிக் கோட்டையைப் பஸ் ஜன்னல் வழியாகவே பார்த்து ஆயுளைக் கழிப்பவர்கள். ஜங்ஷனில் ரயில் நின்றால் 'எப்போ எடுப்பான்?' என்று மட்டும் கேட்பவர்கள். கல்மரமா? கோடிக்கணக்கான வருஷமாக அங்கேயேதானே கிடக்கிறது, எங்கே ஓடிவிடப் போகிறது... அடுத்த லீவில் பார்த்துக்கொள்ளலாம்! ஆனால் நம் ஃப்ரிட்ஜில் மட்டும் ஈஃபில் டவர் ஒட்டியிருக்கும். பாரிஸுக்குப் போனது யார் என்று கேட்கக் கூடாது.

நான் போனபோது மேக்னட்டுகள் எல்லாம் பெட்டியிலேயே தூங்கிக்கொண்டிருந்தன. பாய் முகம் தொங்கிப்போயிருந்தது.

"ஒரே பேஜாரா கீதுங்க. மச்சான் விசா ரெடி பண்ணி வச்சிக்கினு கூப்புட்டுக்கினே இருக்கான். இது போவலன்னா கெளம்ப வேண்டியதுதான். சின்னப் பொண்ணு இப்பதான் எங்கிட்ட ஒட்டிக்கினு இருக்கா..."

எனக்குச் சங்கடமாகிவிட்டது. ஏதாவது வாங்கலாம் என்று வாயெடுத்தேன். அதற்குள் செஞ்சி வல்லம் பக்கத்து அம்மா ஒருவர் நுழைந்து கோட்டையைக் கையில் எடுத்தார்.

"இது இன்னாங்க, சக்கரை ஆலையா?"

"செஞ்சிக் கோட்டைம்மா!"

"அதான் தெனம் பஸ்ல பாக்கறமே" என்று கீழே வைத்தவர், அடுத்ததைப் பார்த்ததும் மலர்ந்துவிட்டார். "ஐய, மல்லாட்டை! அச்சு அசலா இருக்குதே! இத குடுங்க."

மல்லாட்டை என்றால் எங்கள் பக்கத்தில் நிலக்கடலை. அவர் கையில் இருந்ததோ கல்மரம்! வெளிமாநில ஃபேக்டரிக்காரன் அதன் இடுப்பைக் கொஞ்சம் ஒடுக்கி, மேலே வரிவரியாகக் கோடு போட்டு அனுப்பியிருந்தான். சத்தியமாகச் சொல்கிறேன், உடைத்தால் இரண்டு பருப்பு விழும்.

"அது கல்மரம்மா. கோடி வருஷத்துக்கு முன்னாடி..." என்று ஆரம்பித்தார் பாய்.

"பொறந்ததுலருந்து மல்லாட்டை புடுங்கறவ நானு. எனக்கே சொல்றீங்களா?"

தனக்கொன்று, மகளுக்கொன்று, சம்பந்திக்கொன்று என்று வாங்கிக்கொண்டு போனார். அவர் மகன் ஃப்ரிட்ஜைப் போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் வைத்தானாம். அவ்வளவுதான்!

முந்தாநாள் மறுபடி போனேன். கடையில் கூட்டம். கல்மரம் தீர்ந்து அடுத்த லோடு வந்திருந்தது. 'கல்மரம்' என்ற எழுத்தைத்தான் காணோம்.

"கலரு மட்டும் கொஞ்சம் வறுத்தாப்புல போடச் சொன்னேங்க" என்றார் பாய், வெட்கமே இல்லாமல். கோட்டையும் ஜங்ஷனும் மூலையில் தூசியோடு... நம் வரலாற்று உணர்வை யார் குறை சொல்ல முடியும்?

போன் அடித்தது. மச்சான்தான். கை வேலையாக இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டார்.

"விசா வேணாம் மச்சான். நான் வர்ல. இங்க மல்லாட்டை சூப்பரா போவுது!"

மறுமுனையிலிருந்து கவலையோடு ஒரு கேள்வி வந்தது.

"எத்தினி ஏக்கரு?"