பஸ்ஸில் போன கம்ப்யூட்டரும் துடைத்த சாவியும்

திருப்பூர் பனியன் கம்பெனி ஒன்றுக்கு மென்பொருள் எழுதிக் கொடுத்திருந்தேன். வங்கிக்குப் போகும் உத்தரவுகளில் முதலாளியின் டிஜிட்டல் கையெழுத்தைப் போடுவது அதன் வேலை. அதற்கு ஒரு ரகசியச் சாவி உண்டு. வெறும் எண்தான், ஆனால் கிடைத்தவன் அவர் பெயரில் எதற்கும் கையெழுத்துப் போடலாம். அவர் கடவுச்சொல்லை அடித்தால் சாவி மெமரிக்குள் வரும். கையெழுத்து விழுந்த கையோடு அந்த இடத்தைப் பூஜ்யங்களால் நிரப்பித் துடைத்துவிடுவேன்.

அடுத்த உத்தரவுக்கு மறுபடியும் கடவுச்சொல்லை அடிக்க வேண்டும். முதலாளிக்கு அதுதான் எரிச்சல். காலையில் சூடம் காட்டி சுவிட்சைப் போட்டால் சாயங்காலம் வரை ஓட வேண்டும் என்பது அவர் கம்பெனிச் சட்டம். சாவியும் அப்படியே உள்ளே இருக்கட்டும் என்பார். முடியாது என்பேன்.

ஒருநாள் கரண்ட் போனது. யுபிஎஸ்ஸும் கைவிடப் போகிறது என்றதும், கம்ப்யூட்டர் மெமரியில் இருந்ததையெல்லாம் டிஸ்க்கில் இறக்கி வைத்துவிட்டுத் தூங்கியது. பிறகு எழவே இல்லை. நூல் கோன், பட்டன் மூட்டை அனுப்புகிற பழக்கத்தில், முதலாளி அதையும் தனியார் பஸ் கண்டக்டரிடம் கொடுத்துப் பல்லடம் சர்வீஸ் கடைக்கு அனுப்பிவிட்டார்.

கேட்டதும், துடைபடாத சாவியும் டிஸ்க்கில் இறங்கியிருக்குமோ என்று சந்தேகம் வந்தது. "துடைத்த இடத்தை இனி யாரும் படிக்கப்போவதில்லையே, எதற்குத் துடைப்பது" என்று, நாம் எழுதுவதைக் கம்ப்யூட்டர் மொழிக்கு மாற்றுகிற கம்பைலர், துடைக்கச் சொல்லும் வரியைத் தானாகவே தூக்கிவிடும். அப்படித் தூக்காதபடி கட்டிப் போட்டிருந்தேன். மூளைக்குத் தெரியும், மனசு நம்ப வேண்டுமே. பைக்கில் பஸ்ஸைத் துரத்தினேன். இரண்டு பஸ்கள் போட்டி போட்டு ஓடின. நான் பின்தொடர்ந்தது வேறு பஸ்.

கடைசியில் பல்லடம் கடைக்கே போய், டிஸ்க்கை என் லேப்டாப்பில் மாட்டி, அந்தச் சாவி எங்காவது கிடக்கிறதா என்று துழாவினேன். இல்லை. அது இருந்த இடத்தில் வரிசையாகப் பூஜ்யங்கள். கடைக்காரர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஏனுங்க, ஊட்டுப் போட்டோவெல்லாம் போயிருச்சுங்களா?" என்று டீ சொன்னார். ஒன்றுமே இல்லை என்று சிரித்தேன். பாவம், எனக்குச் சித்தம் கலங்கிவிட்டது என்று நினைத்திருப்பார்.

திரும்பி வந்ததும் முதலாளி ஆரம்பித்தார். "ஒண்ணும் ஆகலீல்லங்க. இனியாச்சும் சாவிய உள்ளயே உட்டுருங்க."

"உட்டிருந்தா, அது கண்டக்டர் காலடியில கெடந்து பல்லடம் போயிருக்குமுங்க. வேணும்னா ஆளை மாத்திக்கோங்க. அந்த வரிய மாத்த மாட்டனுங்க."

ஆளை மாற்றவில்லை. ஒவ்வொரு உத்தரவுக்கும் என்னைத் திட்டிக்கொண்டேதான் கடவுச்சொல்லை அடிக்கிறார். அடித்து முடிக்கும் வரை நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன்.