கட்டாயச் சுதந்திரத்துக்கு மூன்று கிரெடி

“…மூண்டு கிரெடிதான் அண்ணை குறையுது, ஆனால் அந்த மூண்டும் இல்லாட்டி மற்ற நூற்றியெழுபத்தேழும் சும்மா கடதாசிதான் எண்டு பல்கலைக்கழக அலுவலகத்திலை அந்த மனுசி சிரிச்சுக்கொண்டே சொல்லுறா. அவ சிரிக்கிறதைப் பார்த்து நானும் சிரிச்சுப்போட்டன். வெளியிலை வந்தாப் பிறகுதான் அழுகை வந்தது.”

இப்படிச் சொல்லிக்கொண்டே ஒரு சனிக்கிழமை காலை என் கடைக்குள் வந்தவளை நான் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவேன். இதிலும் அப்படியே எழுதுகிறேன். என் கடை பிரெஞ்சுத் தலைநகரில் தமிழ்க் கடைகள் நிறைந்த லா ஷப்பலில், ரூ பிலிப்-து-ஜிரார் என்ற தெருவில் இருக்கிறது. நகல் எடுப்பது, பொதி அனுப்புவது, இவை பலகையில் எழுதியிருக்கும் தொழில்கள். எழுதாத தொழில், வருகிறவர்களின் பிரெஞ்சுக் கடிதங்களை வாசித்துச் சொல்வது. நான் பிரெஞ்சைப் பள்ளியில் படிக்கவில்லை. மற்றவர்களுக்கு வந்த அலுவலகக் கடிதங்களில்தான் படித்தேன். அதனால் நான் பேக்கரியில் பாண் வாங்கப் போனால்கூடக் கடைசி எச்சரிக்கை கொடுப்பது மாதிரி இருக்கிறது என்று என் மனைவி சொல்வாள்.

தங்கச்சிக்கு அப்போது நாற்பத்தேழு வயது. நகருக்கு வெளியே ஓல்னேயில் ஒரு பள்ளிக்கூடத்துக் கந்தினில், அதாவது பிள்ளைகளின் சாப்பாட்டுச் சாலையில், சமையலுக்கு நிற்பவள். யாழ்ப்பாணத்தில் பல்கலைக்கழகத்தில் இரண்டு வருடம் புவியியல் படித்து, பாதியில் விட்டுவிட்டு வந்தவள். இங்கே ஒரு பல்கலைக்கழகம் அந்த இரண்டு வருடத்தையும் ஏற்றுக்கொண்டு, மூன்றாம் வருடத்தை மட்டும் படிக்கச் சொன்னது. கந்தின் முடிந்த பின்னேரங்களிலும் சனிக்கிழமைகளிலும் படித்து அதையும் முடித்துவிட்டாள். லிசான்ஸ் என்ற சான்றிதழுக்கு மொத்தம் நூற்றியெண்பது கிரெடி, அதாவது பாடப் புள்ளி, வேண்டும். அது கையில் இருந்தால் செப்டம்பரில் நகராட்சியின் சிறுவர் நூலகத்தில் அவளுக்கு வேலை. இல்லையென்றால் அண்டாவும் அகப்பையும்தான். நூலகத்துக்கு அவளை எடுப்பதாகச் சொன்ன அம்மையார் அந்த வருடத்தோடு ஓய்வுபெறுகிறார். அடுத்த வருடம் பார்க்கலாம் என்பதற்கு இடமே இல்லை.

பழைய பாடங்களுக்குக் கிரெடி மாற்றிக் கொடுத்த விதமே ஒரு கதை. “கிணத்துக்குள்ளை கயிறு விட்டு ஆழம் அளந்ததுக்கு ஆறு கிரெடி அண்ணை. மூண்டு மணித்தியாலம் குந்தியிருந்து சோதினை எழுதின மண்ணியலுக்கு ஒண்டுமில்லை.”

“கிணறு ஆழமாக்கும் பிள்ளை,” என்றேன்.

குறைந்த மூன்று கிரெடியும் புவியியலில் இல்லை. அந்தப் பல்கலைக்கழகத்தில் எல்லா மாணவர்களும் தங்கள் துறைக்கு வெளியே ஒரு பாடம் எடுத்தாக வேண்டும். நீச்சல், சேர்ந்திசை, நாடகம், களிமண், எது வேண்டுமானாலும் எடுக்கலாம். அதற்குச் ‘சுதந்திரப் பாடம்’ என்று பெயர். பக்கத்திலேயே அடைப்புக்குறிக்குள் ‘கட்டாயம்’ என்று போட்டிருந்தது. யாழ்ப்பாணத்தில் புவியியலுக்கு வெளியே பொது ஆங்கிலம் படித்தேனே, அதை எடுக்கக் கூடாதா என்று தங்கச்சி கேட்டிருக்கிறாள்.

“அங்கை அது கட்டாயப் பாடமோ எண்டு கேட்டா. ஓம் எண்டன். அப்ப அது சுதந்திரம் ஆகாதாம். அதோடை, சுதந்திரத்தை வெளியிலையிருந்து கொண்டுவர ஏலாதாம். இஞ்சை வந்துதான் அனுபவிக்க வேணுமாம்.”

மே மாதம் பாதி போய்விட்டது. நீச்சல் குளமும் களிமண்ணும் மூடியாகிவிட்டன.

கடை மூலையில் கதிரையில் இருந்து பத்திரிகை வாசித்துக்கொண்டிருந்த புதுச்சேரி ஐயா அப்போது தங்கச்சி கையிலிருந்த பல்கலைக்கழகக் கடிதத்துக்குக் கையை நீட்டினார். வரி அலுவலகத்தில் முப்பத்தைந்து வருடம் வேலை செய்து ஓய்வு பெற்றவர். ஞாயிறு பூசை தவறாத கத்தோலிக்கர். தன் வீட்டைவிட என் கடையில் சூடு அதிகம் என்பதால் தினமும் வருவார்.

“குடுங்க அந்த லெத்தர. மொதப் பக்கத்துல இல்லன்னுவான். நாலாவது பக்கத்துல அடியில உண்டுன்னுவான். வரி ஆபீசுல அந்த நாலாவது பக்கத்த எழுதின ஆளு நானுங்க.”

நாலாவது பக்கத்தில் அடியில் இருந்தது. கடந்த மூன்று வருடத்தில் அறுபது மணித்தியாலமாவது பொதுத்தொண்டு செய்தவர்கள் அதையே சுதந்திரப் பாடமாகக் காட்டலாம். ஐந்து பக்க அறிக்கை, தொண்டு செய்த சங்கத்திடமிருந்து மணித்தியாலம் போட்ட அத்தாட்சிக் கடிதம், நடுவர் குழுவுக்கு முன் பத்து நிமிடப் பேச்சு. மூன்று வாரம் இருந்தது.

“நீங்க என்னம்மா தொண்டு செஞ்சிருக்கீங்க?”

தங்கச்சி யோசித்தாள். “தேங்காய்தான் ஐயா.”

லா ஷப்பலில் பிள்ளையார் தேர் ஓடும் நாளில் தெருவில் குவியல் குவியலாகத் தேங்காய் உடைப்பார்கள். பார்க்க வருகிற வெள்ளைக்காரர்களுக்கு உடைப்பது மட்டும்தான் தெரியும். அதற்கு முதல்நாள் நார் உரித்து, கழுவி, மஞ்சள் பூசி, குவியல் கட்டுகிறவர்களும், உடைத்த பிறகு சிரட்டை காலில் குத்தாமல் கூட்டி அள்ளுகிறவர்களும் இருக்கிறார்கள். பதினொரு வருடமாக அந்தப் பகுதிக்கு இவள்தான் பொறுப்பு.

ஐயா பேனாவைத் திறந்தார். “சாமி, கோயில், பூசை, இதுல ஒரு வார்த்தை வந்தாலும் தோசியே, அதான் ஃபைலு, திரும்பி வந்துரும். மத விஷயத்துக்கு கிரெதி குடுக்க மாட்டான்.”

“சாமி இல்லாமல் தேரோ ஐயா?”

“தேரும் கெடையாதும்மா. எஞ்சின் இல்லாத வாகனம்.”

அந்த வாரம் முழுவதும் என் நகல் இயந்திரத்துக்குப் பக்கத்தில் அறிக்கை வளர்ந்தது. தேங்காய் ‘வெப்பமண்டலப் பழம்’ ஆனது. உடைப்பது ‘திறந்த வெளியில் பழத்தைத் திறத்தல்’. பக்தர்கள் ‘பங்கேற்பாளர்கள்’. பிள்ளையாரை என்ன செய்வது என்று ஒரு காலை முழுக்க விவாதித்து, கடைசியில் ‘நிகழ்வின் மையப் பொருள்’ என்று வைத்தோம். தலைப்பு: நகரத் தெருவில் உணவுக் கழிவு மேலாண்மை. மாதாவுக்கு மெழுகுதிரி ஏற்றும் மனிதர், எங்கள் பிள்ளையாருக்காக இத்தனை சிரமப்பட்டதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு மனம் இளகும்.

இனிக் கடிதம். தேர்த்திருவிழா நடத்தும் சங்கத்தின் செயலாளர் எங்கள் தெருவிலேயே மளிகைக் கடை வைத்திருக்கிறார். நல்ல மனுசன். தங்கச்சி விசயத்தைச் சொன்னதும் முகம் சுருங்கிவிட்டது.

“சாமிக்குச் செய்ததை மணித்தியாலம் போட்டு எழுதுறதோ தங்கச்சி? அது சம்பளச் சீட்டு மாதிரியெல்லோ கிடக்கும்?”

“சம்பளம் கேக்கேல்லை அண்ணை. ஒரு கடிதம்தான்.”

“உங்களுக்கு அறுபது எண்டு எழுதினால், நாளைக்கு மோர் ஊத்தின மனுசியவை வந்து எங்களுக்கு எத்தனை எண்டு கேப்பினம். தேர் இழுத்தவை கேப்பினம். பிறகு நான் கடையைப் பூட்டிப்போட்டு மணிக்கூட்டோடைதான் நிக்கவேணும்.” பிறகு அவள் முகத்தைப் பார்த்து இரங்கிவிட்டார். “சரி, யோசியாதேங்கோ. உங்களுக்குச் சிறப்பாய் ஒண்டு செய்வம்.”

அந்தச் ‘சிறப்பாய்’ என்ற சொல்லிலேயே நான் உசாராகி இருக்க வேண்டும். எங்கள் ஆட்களிடம் ஒரு சின்னக் கடிதம் கேட்டால் கிடைக்காது. பெரிதாகக் கேட்காமலே கிடைக்கும்.

பத்து நாள் கழித்து, வியாழன் பேச்சு என்றால் அதற்கு முந்தின செவ்வாய், செயலாளர் ஒரு கண்ணாடிச் சட்டத்தை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு கடைக்குள் வந்தார். வாழ்த்துமடல். இரண்டடி உயரம். பொன்னிறக் கரை, இரண்டு பக்கமும் மயில், நடுவில் தங்கச்சியின் படம். ஏதோ கலியாண வீட்டுப் படத்திலிருந்து வெட்டி எடுத்தது, பக்கத்தில் நின்ற யாரோ ஒருவரின் தோள் இன்னும் இருந்தது. ‘தேர்த்தொண்டுத் திலகம்’ என்று விருதும் கொடுத்திருந்தார்கள். திலகமா செம்மலா என்று சங்கம் இரண்டு கூட்டம் கூடியதாம். கீழே பதினெட்டு வரியில் கவிதை. முதல் இரண்டு வரி இப்படி:

ஆண்டு பதினொன்றாய் அல்லும் பகலுமாய்
நீண்ட தெருவெல்லாம் நின்றுழைத்த நாயகியே

தங்கச்சி ஒருமுறை வாசித்தாள். இன்னொருமுறை வாசித்தாள். “வடிவாய்க் கிடக்கு அண்ணை. மணித்தியாலம் எங்கை?”

செயலாளர் முதல் வரியில் விரலை வைத்தார். “அல்லும் பகலுமாய் எண்டு போட்டிருக்கெல்லே! அதுக்கு மேலை என்ன மணித்தியாலம்?”

மேடையில் பொன்னாடையும் இருக்கிறது, தேதியைப் பிறகு சொல்கிறோம் என்று சொல்லிவிட்டுப் போனார். ஐயா மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மொழிபெயர்க்க உட்கார்ந்தார்.

“ஐயா, அதிலை அறுபது மணித்தியாலம் எண்டு போட்டுவிடுங்கோவன்,” என்றேன் நான்.

“அது தப்புங்க. இருக்கறத அப்படியே எழுதணும். கூட்டவும் கூடாது, கொறைக்கவும் கூடாது. ‘பதினோரு வருஷம், ராத்திரியும் பகலும்.’ அவ்வளவுதான்.”

முப்பத்தைந்து வருட வரி அலுவலகம் அவருக்குள்ளே எழுந்து நின்றுவிட்டது. மாற்ற முடியவில்லை.

வியாழன் நான் கடையைப் பூட்டிவிட்டு அவளோடு போனேன். சட்டத்தைத் தூக்க ஓர் ஆள் வேண்டும் அல்லவா. மெட்ரோவில் ஒரு மூதாட்டி எங்களைப் பார்த்ததும் எழுந்து இடம் கொடுத்தார். படத்தைப் பார்த்தார், தங்கச்சியைப் பார்த்தார், அவள் கையைப் பிடித்து ஆழ்ந்த அனுதாபம் சொன்னார். அக்காவா தங்கையா என்று வேறு கேட்டார்.

“மெர்சி மடாம்,” என்றாள் தங்கச்சி. பிறகு என்னிடம், “விளங்கப்படுத்த நேரமில்லை அண்ணை, அடுத்தது இறங்கவேணும்.”

நடுவர் குழுவில் நரைத்த தலைமைப் பேராசிரியை, ஓர் இளம் பேராசிரியர், குறிப்பெடுக்க அந்தச் சிரிக்கும் அலுவலகப் பெண்மணி. பேச்சை யாரும் வந்து கேட்கலாம் என்பதால் நான் பின்வரிசையில் சட்டத்தை மடியில் வைத்துக்கொண்டு இருந்தேன். தங்கச்சிக்குப் பிரெஞ்சு நன்றாகவே வந்தது. இருநூறு பிள்ளைகளை வரிசையில் நிறுத்துகிற கந்தின் பிரெஞ்சு அது.

இளம் பேராசிரியர் அறிக்கையைப் புரட்டிவிட்டுக் கேட்டார்: “நல்லது. ஆனால் ஒன்று விளங்கவில்லை. அந்தப் பழத்தை ஏன் உடைக்கிறார்கள்?”

சாமி என்று வந்தால் எல்லாம் போச்சு.

தங்கச்சி சொன்னாள்: “உடைத்தால்தானே, ஐயா, கூட்டலாம்.”

அவர் தலையை ஆட்டிக்கொண்டு அதைக் குறித்துக்கொண்டார். சத்தியமாகக் குறித்துக்கொண்டார்.

பிறகு தலைமைப் பேராசிரியை ஐயாவின் மொழிபெயர்ப்பைக் கையில் எடுத்தார். ஓரத்தில் பென்சிலால் கணக்குப் போட்டிருந்தார். “பதினொரு வருடம், இரவும் பகலும் என்று உங்கள் சங்கம் உறுதிப்படுத்துகிறது. தொண்ணூற்றாறாயிரத்து முந்நூற்று அறுபது மணித்தியாலம் வருகிறது. இந்த நேரத்தில்தான் எங்கள் வகுப்புகளுக்கும் வந்திருக்கிறீர்கள்.”

“மடாம், அது எங்கள் ஆட்கள் நன்றி சொல்லும் விதம். குறைத்துச் சொல்ல அவர்களுக்கு வெட்கம்.” பைக்குள் இருந்து கந்தின் சாப்பாட்டுப் பட்டியல் ஒன்றின் பின்பக்கத்தில் எழுதிய கணக்கை எடுத்தாள். “நானே கூட்டிப் பார்த்தேன். மூன்று வருடத்தில் நார் உரித்தது, குவித்தது, அள்ளியது எல்லாம் சேர்த்து அறுபத்துமூன்று மணித்தியாலம். சாப்பிட்ட நேரத்தைக் கழித்துவிட்டேன்.”

பேராசிரியையின் முகம் மலர்ந்தது. “அறிக்கை எங்களுக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் இந்த எண்ணைச் சங்கத்தில் ஒருவர் உறுதிப்படுத்த வேண்டும். இப்போதே தொலைபேசியில் சொன்னாலும் போதும். இல்லையென்றால் எங்களால் ஒன்றும் செய்ய முடியாது.”

சிரிக்கும் பெண்மணி ஒரு படிவத்தை மேசையில் வைத்தார். ‘மணித்தியாலம்’ என்ற சொல்லுக்கு எதிரே இரண்டே இரண்டு சின்னப் பெட்டி. பக்கத்தில் பேனா.

தங்கச்சி செயலாளருக்கு அழைத்து, எல்லோருக்கும் கேட்கும்படி கைபேசியை மேசையில் வைத்தாள். பின்னால் மளிகைக் கடை இரைச்சல். விசயத்தைத் தமிழில் சொன்னாள்.

“எத்தனை எண்டு போடப்போறியள்?”

“அறுபத்துமூண்டு அண்ணை.”

“அறுபத்துமூண்டோ! திலகம் எண்டு விருது குடுத்துப்போட்டு அறுபத்துமூண்டோ? சங்கத்துக்கு மானக்கேடு பிள்ளை. அறுநூறு எண்டு போடுங்கோ, நான் ஓம் எண்டுறன்.”

“ரெண்டு பெட்டிதான் அண்ணை கிடக்கு.”

கடையில் யாரோ வெண்டிக்காய் என்ன விலை என்று கேட்டார்கள்.

“அப்ப தொண்ணூற்றொன்பது. அதுக்கு ஒண்டு குறைஞ்சாலும் நான் ஓம் சொல்லமாட்டன்.”

“என்ன சொல்கிறார்?” என்று கேட்டார் பேராசிரியை.

“சம்மதிக்கிறார் மடாம்,” என்றாள் தங்கச்சி பிரெஞ்சில். பிறகு கைபேசியின் பக்கம் குனிந்து, “ஓம் அண்ணை, தொண்ணூற்றொன்பது,” என்றாள்.

“வீ மடாம்! வீ, வீ!” என்று செயலாளர் தன் ஓமைப் பிரெஞ்சில் லா ஷப்பல் முழுவதற்கும் கேட்கிற மாதிரிக் கத்தினார்.

தங்கச்சி பேனாவை எடுத்தாள். முதல் பெட்டிக்குள் ஆறு, அடுத்த பெட்டிக்குள் மூன்று, இரண்டும் கோட்டைத் தொடாமல் எழுதினாள். அந்தச் சிரிக்கும் பெண்மணியிடம் படிவத்தை இரண்டு கையாலும் கொடுத்தாள்.