எட்டாவது பிட்

புதிதாக ஒரு கம்ப்யூட்டர் மொழியை உருவாக்குவது என்பது, யாரும் கேட்காத வேலையை, முகம் பார்க்காத ஆட்களோடு சேர்ந்து, பக்கத்தில் இருக்கும் ஒருவருக்கும் புரியவைக்க முடியாமல் செய்யும் தொழில். தொழில் என்று சொல்வதே அதிகம், சம்பளம் கிடையாது. உங்களில் யாராவது குடியிருப்போர் சங்கத்துக்குச் செயலாளராக இருந்திருந்தால், அல்லது கோயில் மலருக்குக் கட்டுரை கேட்டு வீடு வீடாக ஏறி இறங்கியிருந்தால், மேற்கொண்டு படியுங்கள். நாம் ஒரே ஜாதி.

தொண்ணூறுகளின் நடுவில் கோயமுத்தூரில் ஓர் இன்ஜினியரிங் கல்லூரியின் லேபில் நான் புரோகிராமர். அங்கிருந்தபடி சுமார் மூன்று வருஷம் அப்படி ஒரு மொழிக்கு உழைத்தேன். அதன் பெயரைச் சொல்லப்போவதில்லை. சொன்னாலும் உங்களுக்குத் தெரியாது. எனக்குத்தான் மனசு கஷ்டமாகிவிடும்.

ஊரான் வண்டி

பெங்களூரில் வேலை பார்த்த தோழி ஒருத்தி ஒரு ஃப்ளாப்பியைக் கொண்டுவந்து கொடுத்தாள். நார்வேயில் மார்ட்டின் என்று ஒருவர் எழுதும் மொழி அது. இலவசம், உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று யாரும் திறந்து பார்க்கலாம், திருத்தலாம். ஓப்பன் சோர்ஸ் என்ற பெயரெல்லாம் அப்போது எங்கள் காதுக்கு வரவில்லை. போட்டுப் பார்த்தேன். நூறு பெயர்களை வரிசைப்படுத்தச் சொன்னால் தொண்ணூற்றொன்பதைத்தான் திருப்பித் தந்தது. காணாமல் போனது யார் என்று நான்கு நாள் தேடி, தப்பைக் கண்டுபிடித்து, திருத்தி மெயிலில் அனுப்பினேன். எங்கள் கல்லூரி மோடம் காலை பதினொன்றுக்கும் மாலை நான்குக்கும் பெங்களூருக்குப் போன் போட்டு, இருக்கிற மெயிலைக் கொடுத்துவிட்டு வந்ததை வாங்கிக்கொள்ளும். அவ்வளவுதான் எங்கள் இன்டர்நெட்.

மூன்றாம் நாள் பதில் வந்தது. "பிரமாதம், எங்களோடு சேர்ந்துகொள்." ஏற்கெனவே ஆறு பேர், என்னோடு ஏழு. அந்தக் காகிதத்தை பிரின்ட் எடுத்துக்கொண்டு எங்கள் ஹெச்.ஓ.டி.யிடம் ஓடினேன். நல்ல மனுஷர். இரண்டு முறை படித்தார். கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"கோகிலா, ஊரான் வண்டிக்கு எண்ணெய் உடறதுக்காம்மா உனக்கு இங்க சேர் போட்டுக் குடுத்திருக்குது?"

பேசும் மொழி

அந்த வைகாசியில் காங்கேயத்திலிருந்து என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். எண்ணெய் மில் வைத்திருக்கும் குடும்பம். மாப்பிள்ளையின் தாய்மாமாதான் கேள்வி கேட்டார். லேபில் வேலை என்று அப்பா சொன்னார். அதோடு நிறுத்தியிருக்கலாம். பெருமையில், "பாப்பா ஒரு மொழியே உருவாக்கீட்டு இருக்குதுங்க" என்றும் சொல்லிவிட்டார். மாமா முறுக்கைத் தட்டில் வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"ஏனுங்க அம்மணி, அந்த மொழிய எத்தன பேரு பேசுவாங்க?" பொய் சொல்ல வரவில்லை. ஏழு பேருங்க என்றேன். அந்த ஏழு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்ததில்லை என்பதையும் சொன்னேன். அவர் அதை நையாண்டி செய்யவில்லை. நிஜமாகவே யோசித்தார். அதுதான் இன்றைக்கும் வலிக்கிறது.

"ஏழு பேருக்கு எதுக்குங்க தனியா ஒரு மொழி? ஒருத்தருக்கொருத்தர் லெட்டர் போட்டுக்கலாமுங்களே."

டோக்கன்

ஆர்.எஸ்.புரத்தில் எங்கள் குடும்ப டாக்டரம்மாவின் கிளினிக். புதுக் கம்ப்யூட்டர் வாங்கி அதன்மேல் துணி மூடி வைத்திருந்தார். நோயாளியின் பெயரை அடித்தால் வரிசை எண்ணோடு தமிழில் டோக்கன் வரும்படி செய்து தருகிறேன் என்று நானாகவே வாயைக் கொடுத்தேன். எங்கள் மொழிக்கு உலகத்தில் கிடைத்த முதல் நிஜமான வேலை அது. இரண்டு வாரம் உட்கார்ந்து எழுதினேன். திங்கட்கிழமை காலை கூடம் நிறையக் கூட்டம். நர்ஸ் டோக்கனைக் கையில் எடுத்து, விழித்து, பிறகு துணிந்து படித்தாள். "ஜே, எக்ஸ், பர்சன்ட், எல்!" யாரும் எழுந்திருக்கவில்லை.

விஷயம் இதுதான். கம்ப்யூட்டர் ஒவ்வோர் எழுத்தையும் எட்டு அறைகளில் வைக்கும். அந்த அறைக்குப் பெயர் பிட். இங்கிலீஷுக்கு ஏழே போதும். எட்டாவது சும்மா கிடக்கிறதே என்று மார்ட்டின் அதில் மொழியின் சொந்த உபயோகத்துக்கு ஒரு குறி வைத்திருந்தார். தமிழ் ஃபாண்ட்டோ அந்த எட்டாவதை நம்பித்தான் இருந்தது. அதைப் பிடுங்கிக்கொண்டால் பழனியம்மாள் என்று பெயருள்ளவள் எக்ஸும் பர்சன்ட்டுமாகிவிடுவாள். நான் கம்ப்யூட்டருக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டேன். நர்ஸ் மறுபடியும் கூப்பிட்டாள். தலைக்கு மஃப்ளர் சுற்றிய ஒரு விவசாயி மெதுவாக எழுந்து நின்றார்.

"அது என்ற பேரு இல்லீங்க. ஆனா மொதல்ல வந்தது நாந்தானுங்க."

பதினோரு நாள்

மொழியின் முதல் வெர்ஷனை வெளியிடும் வேலை நடந்துகொண்டிருந்தது. அது வெளியே போய்விட்டால் எழுத்துகளை வைக்கும் முறையை லேசில் மாற்ற முடியாது. எட்டாவது பிட்டை விட்டுவிடுங்கள் என்று நான் மூன்று மாதம் மெயில் மேல் மெயிலாகப் போட்டேன். வேகம் குறைந்துவிடும் என்றார் மார்ட்டின். குறையாது, எழுதியே காட்டுகிறேன் என்றேன். மொழியின் அடிவயிற்றில் கைவைக்கும் வேலை. எழுதி முடித்தேன், வேகம் குறையவில்லை என்று தெரிவித்தேன். அப்போது மார்ட்டின், பத்து நாளில் எல்லோரும் ஓட்டுப் போடுங்கள் என்று அறிவித்தார். நான் எழுதியது, என் ஓட்டு, எல்லாவற்றையும் காலையில் மெயிலில் ஏற்றிவைத்தேன். பதினொரு மணிக்கு மோடம் கத்தவே இல்லை. ரோடு தோண்டுகிறவர்கள் கேபிளை வெட்டியிருந்தார்கள்.

தினமும் டெலிபோன் ஆபீசுக்கு நடந்தேன். பெங்களூர்த் தோழிக்கு ஃப்ளாப்பியை அனுப்பலாமென்றால் அவள் அதற்குள் சிங்கப்பூர் போய்விட்டாள். ஐ.எஸ்.டி. பூத்திலிருந்து மார்ட்டினின் நம்பரைச் சுற்றினேன். ஒரு மெஷின் நார்வே பாஷையில் ஏதோ சொல்லிவிட்டுக் கூவென்றது. அந்தக் கூவுக்குப் பிறகு நான் பேசியிருக்க வேண்டும் என்பது பிற்பாடுதான் தெரிந்தது. பயந்து வைத்துவிட்டேன். பதினோராம் நாள் லைன்மேன் குழிக்குள் இறங்கி, ஒயரை முறுக்கிக்கொண்டே, அப்படி என்ன அவசரம் என்று விசாரித்தார். வெளிநாட்டுக்கு ஒரு தகவல் போகவேண்டும், பத்து நாளுக்குள் போயிருக்க வேண்டும் என்றேன். அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"ஏர்மெயில்ல போட்டிருந்தீங்கன்னா இந்நேரம் போய்ச் சேந்திருக்குமுங்களே."

ஆட்சேபணை இல்லை

மோடம் உயிர் பெற்றதும் முப்பது மெயில் வந்து விழுந்தது. முதலில் வாதம், அப்புறம் ஓட்டு, அப்புறம் வாழ்த்துகள். மூன்றுக்கு மூன்று என்று சமமாக நின்றிருக்கிறது. ஏழாவது ஓட்டு கோயமுத்தூரில் ஒரு குழிக்குப் பக்கத்தில் கிடந்தது. பத்தாம் நாள் ராத்திரி வரை காத்திருந்துவிட்டு மார்ட்டின் வெளியிட்டுவிட்டார். எட்டாவது பிட் இருந்த இடத்திலேயே இருந்தது.

எனக்கு வந்த ஆத்திரத்தில், அந்த நடையில் போகாமல் அடுத்ததற்குக் காத்திருந்த என் மெயிலை அழித்துவிட்டேன். எழுதியதை யாருக்கும் அனுப்பவில்லை. லேபில் ஒரு மூலைக் கம்ப்யூட்டரில் அது பாட்டுக்குக் கிடந்தது. வீம்புதான். மார்ட்டின் மேல் இன்றைக்கும் எனக்குக் கோபம் கிடையாது. அந்த மனுஷர் எனக்கென்று தனியாக, அன்பாகத்தான் எழுதியிருந்தார்.

"நீ ஒன்றும் சொல்லாததால், உனக்கு ஆட்சேபணை இல்லை என்று எடுத்துக்கொண்டோம்."

மூன்றாவது டோக்கன்

டாக்டரம்மாவிடம் சொல்லித்தானே ஆகவேண்டும். சாயங்காலம் கிளினிக்குக்குப் போய் மூன்றாவது டோக்கனை எடுத்து, முறைப்படி காத்திருந்து, உள்ளே போனேன். தமிழ்ப் பெயர் வராதுங்க டாக்டர், இனிமேல் வரவே வராதுங்க என்று சொல்ல ஆரம்பித்தவள் அழுதுவிட்டேன். எட்டாவது பிட், ஓட்டு, குழி என்று விக்கி விக்கிச் சொன்னேன். அவர் எல்லாம் கேட்டுக்கொண்டார். பழைய அட்டை டோக்கனே போதும் கண்ணு, கம்ப்யூட்டரில் பேரப்பையன் விளையாடட்டும் என்றார். மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்தார். கதவு சாத்தவில்லை போலிருக்கிறது. வெளியே பெஞ்சில் ஒரு அம்மாள் பக்கத்து அம்மாளிடம் சொன்னது தெளிவாகக் கேட்டது.

"பாவம், அந்தப் புள்ளை குழில உழுந்து எட்டாவது எலும்பு எங்கயோ உடைஞ்சு போச்சாமா."

முக்கியமா ஒண்ணுமில்லை

ஒன்றரை வருஷம் கழித்து மார்ட்டினிடமிருந்து மெயில். ஜப்பானிலிருந்தும் கிரீஸிலிருந்தும் ஆட்கள் சண்டைக்கு வருகிறார்களாம். அவர்கள் எழுத்தும் சிதைகிறதாம். நீ சொன்னதுதான் சரி, அன்றைக்கு எழுதினாயே, அதை உடனே அனுப்ப முடியுமா என்று கேட்டிருந்தார். நீ சொன்னதுதான் சரி என்ற வரியை எத்தனை தடவை படித்தேன் என்று கேட்காதீர்கள். எழுந்து மூலைக் கம்ப்யூட்டருக்கு ஓடினேன். அது பளிச்சென்று, ஒன்றுமே இல்லாமல், பிராக்டிகல் பரீட்சைக்குத் தயாராக நின்றது. ஃப்ளாப்பியில் எடுத்துவைத்த நகலில் பூஞ்சை பிடித்திருந்தது. லேப் அசிஸ்டென்ட் ரங்கசாமி அண்ணன் ஸ்டூலில் உட்கார்ந்து மௌஸ் துடைத்துக்கொண்டிருந்தார். அவரைக் கேட்டேன். சங்கடப்பட்டு எழுந்து நின்றார்.

"முக்கியமா ஒண்ணுமில்லீங்க மேடம், ஏதோ இங்கிலீஷும் புள்ளியுமா கெடந்துச்சுங்க, அதான் ஃபார்மட் அடிச்சுப்போட்டேன்."

சுத்தமான வேலை

மறுபடியும் எழுதினேன். ஞாபகத்திலிருந்து, ஐந்து மாதம், மதிய இடைவேளையில் சோற்று டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு. முதல் தடவை வெறியில் எழுதினேன். இந்தத் தடவை நிதானம் வந்திருந்தது, இன்னும் நன்றாகவே வந்தது. முடித்த அன்று பழனியம்மாள் என்று அடித்துப் பார்த்தேன். திரையில் பழனியம்மாள் என்றே வந்தது. கூப்பிட்டுக் காட்ட ஆளில்லை; ரங்கசாமி அண்ணனைத்தான் கூப்பிட்டேன். "பேரு கரெக்டா இருக்குதுங்க" என்றார்.

நான்கு மணி மோடத்தில் அனுப்பினேன். லைன் அறுபடவில்லை. மறுநாள் பதினொரு மணிக்கே பதில் வந்தது. மார்ட்டினுக்கு ஒரு பெரிய கம்பெனியில் வேலை கிடைத்து அதற்கு முந்தின மாதமே சேர்ந்துவிட்டார். இனி இந்த மொழியைத் தொடக்கூடாது என்பது அங்கே நிபந்தனை. மற்றவர்களும் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். எனக்கு எழுத மறந்துவிட்டதற்கு வருந்தினார். இருந்தாலும் நான் அனுப்பியதைக் கடைசி வரி வரைக்கும் படித்திருக்கிறார்.

"இத்தனை வருஷத்தில் எனக்கு வந்ததிலேயே சுத்தமான வேலை இதுதான், சேர்ப்பதற்குத்தான் ஆள் இல்லை."

இப்போது நான் பிள்ளைகளுக்கு சி மொழி நடத்துகிறேன். அது பாடத்திட்டத்தில் இருப்பதால், பிடிக்கவில்லை என்றாலும் பரீட்சை முடிகிறவரை யாரும் அதை விட்டுவிட்டுப் போக முடியாது.