அண்ணாவுக்குப் பத்து வயது

அம்மா பொய் சொல்லி நான் கேட்டது ஒரே ஒரு தடவைதான். அதையும் நானே கெடுத்தேன்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. டென்மார்க்கில், பிராண்டேயில் அப்பா வேலை செய்த காற்றாலைத் தொழிற்சாலையில் அவருக்கு ஒரு சீக்கியச் சிநேகிதர் இருந்தார். அரைகுறை டேனிஷை வைத்துக்கொண்டே இருவரும் பத்து வருடமாக உலகத்தையே அலசிக்கொண்டிருந்தார்கள். அவர் தம் மகளின் கல்யாணத்தைப் பஞ்சாபில் வைத்தபோது நாங்கள் குடும்பமாக வந்தே ஆகவேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். அம்மாவுக்கு விருப்பமில்லை. அந்த மாமா எங்கள் வீட்டுக்கு வந்தால் தேநீரை என்னிடம் கொடுத்தனுப்பிவிட்டு அம்மா குசினிக்குள்ளேயே நின்றுவிடுவார். அது கூச்சம் என்று அப்பா சொல்லுவார். சொந்தக்காரருக்குள்ளே வாய்க்காரி என்று பேரெடுத்த அம்மாவுக்கு இந்தக் கூச்சம் எங்கிருந்து வந்தது என்று யாரும் யோசிக்கவில்லை.

கல்யாணத்துக்கு முதல்நாள் அந்த மாமா எங்களைக் காரில் ஏற்றி அரண்மனை பார்க்க அனுப்பினார். முன்பு மகாராஜா வாழ்ந்த இடம். இப்போது சீக்கியரின் வாள்களும் கேடயங்களும் ஓவியங்களும் வைத்திருக்கும் அருங்காட்சியகம். வாசலில் சோதனைக்காக இரண்டு வரிசைகள், ஆண்களுக்கு ஒன்று, பெண்களுக்கு ஒன்று. ஆண்களைச் சோதிக்கும் இடத்தைக் காக்கித் திரை போட்டு மறைத்திருந்தார்கள். அப்பா கமெராவும் கையுமாக எங்களுக்கு முதலே அந்தத் திரைக்குள் போய்விட்டார்.

திரைக்கு முன்னால் ஒரு காவலாளி நின்றார். நரைத்த தாடி, தலைப்பாகை, தோளில் துவக்கு. அண்ணாவைப் பார்த்து ஆண்கள் பக்கம் போகும்படி கையைக் காட்டினார்.

அம்மா அண்ணாவின் சட்டையைப் பிடித்து இழுத்துத் தன் பின்னால் நிறுத்தினார்.

"நோ, நோ. சின்னப் பெடியன். டென் இயர்ஸ். ஒன்லி டென்."

அண்ணாவுக்குப் பதினைந்து வயது. அம்மாவைவிட ஒரு தலை உயரம். மீசை அரும்பிவிட்டதென்று தினமும் கண்ணாடி முன்னால் நின்று திருப்திப்படுகிறவன். அவனுக்கு முகம் சிவந்துவிட்டது. நானோ, இது அரை டிக்கெட் எடுக்கிற தந்திரம் என்று நினைத்துக்கொண்டேன். எங்களுக்குத் தெரிந்த ஒரு மாமி பஸ்ஸில் ஏறும்போதெல்லாம் மகனைக் குனிந்து நிற்கச் சொல்லுவார்.

காவலாளிக்குச் சிரிப்பு வந்தது. என் பக்கம் குனிந்து, அண்ணாவுக்கு உண்மையில் எத்தனை வயது என்று ஆங்கிலத்தில் கேட்டார். அந்த வருடம்தான் பள்ளியில் எங்களுக்கு ஆங்கிலம் தொடங்கியிருந்தார்கள். கேள்வி விளங்கிவிட்ட பெருமையில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு கத்தினேன்.

"ஃபிஃப்டீன்!"

"குட் கேர்ள்" என்றார் அவர். அண்ணாவின் தோளில் கைபோட்டுத் திரைக்குள் கூட்டிக்கொண்டு போனார்.

அம்மாவிடமிருந்து வந்த அந்தச் சத்தத்தை அதற்கு முன்னும் நான் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. தமிழ் தெரிந்த ஒருவரும் இல்லாத இடத்தில், "ஐயோ, அவனை விடுங்கோ! அவன் ஒண்டும் அறியாத பிள்ளை! படிக்கிற பிள்ளை!" என்று கும்பிட்டபடி கத்தினார். வரிசையில் நின்ற பெண்கள் விலகி நின்று பார்த்தார்கள். அதுவரை எனக்கு எந்தப் பயமும் இருக்கவில்லை. இப்போது அம்மாவின் உடுப்பைப் பிடித்துக்கொண்டேன். திரைக்கு அந்தப் பக்கம் பெடியன்களை ஏதோ செய்கிறார்கள், அம்மாவுக்கு அது தெரிந்திருக்கிறது, நான் அண்ணாவைக் காட்டிக்கொடுத்துவிட்டேன். உள்ளே வாள்கள் வேறு இருப்பதாக அப்பா காரில் சொல்லியிருந்தார்.

பெண் காவலாளி பயந்துபோய் எங்களை அவசரமாகத் தடவிப் பார்த்து உள்ளே விட்டார். அம்மா ஓடினார். நானும் அழுதுகொண்டு பின்னால் ஓடினேன். அந்தப் பக்கத்தில் அண்ணா சட்டையைச் சரிசெய்துகொண்டு நின்றான். நரைத்த தாடிக்காரர் டென்மார்க்கில் குளிர் எப்படி என்று அப்பாவிடம் விசாரித்துக்கொண்டிருந்தார். அம்மா அண்ணாவின் தலை, காது, கை என்று ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார்.

"என்னப்பா இது, ஆக்கள் எல்லாம் பாக்கினம்" என்றார் அப்பா.

அறை அறையாக நடந்தோம். அம்மா வாளையும் பார்க்கவில்லை, ஓவியத்தையும் பார்க்கவில்லை. ஒவ்வொரு கதவடியிலும் நின்ற காவலாளிகளைத்தான் பார்த்தார். வெளிச்சம் குறைந்த ஓர் அறையில் ஆளுயரச் சிப்பாய்ப் பொம்மைகள் வரிசையாக நின்றன. அங்கே அம்மா கண்ணை மூடிக்கொள்ள, அண்ணாதான் கையைப் பிடித்து நடத்திப்போனான். பள்ளி வாசலில் அம்மா பக்கத்தில் வந்தாலே விலகி ஓடுகிறவன், அன்று கையை உதறவில்லை. நான் பொம்மைகளைப் பார்க்காமல் அண்ணாவின் சப்பாத்தையே பார்த்துக்கொண்டு போனேன்.

வெளியே தோட்டத்து வாங்கிலில் உட்கார்ந்தபோது அம்மா கேட்டார்.

"ஆரடி உன்னைச் சொல்லச் சொன்னது?"

"பொய் சொல்லக்கூடாதெண்டு டீச்சர் சொன்னவ."

அம்மா என் கலைந்த தலைமயிரைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கிவிட்டார்.

"ஓம்" என்றார். "நானும் அப்பிடித்தான் நினைச்சனான்."

அடி விழாததே பெரிய காரியம் என்று ஐஸ்கிரீம் கேட்டேன். வாங்கித் தந்தார். அம்மா என்னை மன்னித்துவிட்டார் என்று சந்தோஷமாகச் சாப்பிட்டேன்.

அம்மா எந்த நினைப்பைச் சொன்னார் என்பது எனக்கு இருபது வயதில்தான் தெரிந்தது. எஸ்பியர்க்கில் இருக்கும் பெரியம்மா சொன்னார். யாழ்ப்பாணத்தில் அவர்களுடைய ஊரை ஒருநாள் இந்திய ஆமி சுற்றி வளைத்து, ஆண்களை ஒரு பக்கமும் பெண்களை ஒரு பக்கமும் பிரித்து நிறுத்தியதாம். வந்தவர்களில் தலைப்பாகை கட்டியவர்களும் இருந்தார்களாம். அம்மாவின் அண்ணாவான என் மாமாவுக்குப் பன்னிரண்டு வயதுதான் என்று வீட்டுப் பெரியவர்கள் சத்தியம் பண்ணியிருக்கிறார்கள். தலைப்பாகை கட்டிய ஒரு சிப்பாய் நம்பாமல், கடைக்குட்டியான என் அம்மாவிடம் குனிந்து கேட்டிருக்கிறான். அம்மாவுக்கும் அப்போது ஒன்பது வயதுதான். பள்ளிக்கூடத்தில் புதிதாகப் படித்த ஆங்கிலத்தில் "சிக்ஸ்டீன்" என்று உரத்துச் சொன்னாராம். அவன் அம்மாவின் கன்னத்தில் செல்லமாகத் தட்டிவிட்டு மாமாவைக் கூட்டிக்கொண்டு போனானாம். மாமா அதன்பிறகு வீட்டுக்கு வரவேயில்லை.